வீட்டுக் கடன் வட்டி: இன்றைய விகிதமும் இருபது ஆண்டுக் கணக்கும்

தாணே கழிமுகத்தின் குறுக்கே முலுண்டையும் ஐரோலியையும் இணைக்கும் பாலம் 1999-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 2004-ஆம் ஆண்டில் தாணே-வாஷி இரயில் தடத்தில் பயணிகள் வண்டிகள் ஓடத் தொடங்கின. அதுவரை மும்பைவாசிகளுக்குக் கழிமுகத்துக்கு அப்பாலுள்ள தொலைவூராகத் தோன்றிய ஐரோலி, அதன் பின்னர் அலுவலகம் செல்வோர் வீடு தேடும் இடங்களுள் ஒன்றாயிற்று. தோல் பதனிடும் தொழிலை ஒட்டித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் குடியேறியோர், அலுவலகப் பணிகளுக்காக வந்து மாதுங்காவிலும் செம்பூரிலும் தங்கியோர் ஆகியோரின் மக்களும் பேரன்மாரும் இன்று நவி மும்பையின் அடுக்குமாடிக் கட்டடங்களில் வீடு பார்க்கின்றனர்.

முந்தைய தலைமுறையினர் இருபது ஆண்டுக் கடன் என்பதை அறிந்தவரல்லர். 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பில் சிலர் பகடி முறையில் ஒரு தொகையை முன்னதாகச் செலுத்திக் குறைந்த வாடகையில் காலங்கழித்தனர். சிலர் அலுவலகக் குடியிருப்பில் இருந்து, ஓய்வு பெற்றதும் சொந்த ஊரில் வீடு கட்டிக் கொண்டனர். சீட்டுப் பணமும் நகைகளும் வருங்கால வைப்பு நிதியுமே அவர்களுடைய வீட்டு நிதி. இன்றைய தலைமுறையினரோ நாற்பது வயதுக்குள் அரை கோடி ரூபாய்க் கடன் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டியவர்களாக உள்ளனர். அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "வட்டி எத்தனை விழுக்காடு?" என்பதே. கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் அதற்குக் கிடைக்கும் விடை கையொப்பமிடும் நாளுக்கு மட்டுமே பொருந்துவது என்பதைப் பலர் உணர்வதில்லை.

வட்டி கடந்து வந்த பாதை

தனி மனிதர் வீடு வாங்க நீண்ட காலக் கடன் வழங்குவதையே தொழிலாகக் கொண்ட எச்.டி.எஃப்.சி. நிறுவனம், எச்.டி. பரேக் அவர்களின் முயற்சியால் 1977-ஆம் ஆண்டில் மும்பையில் தோன்றியது. (இந்நிறுவனம் 2023-ஆம் ஆண்டு ஜூலையில் அதே பெயர் கொண்ட வங்கியுடன் இணைந்துவிட்டது.) வீட்டு வசதி நிதித் துறையை வளர்த்து நெறிப்படுத்தும் பொருட்டுத் தேசிய வீட்டு வசதி வங்கி 1988-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஆதலின் இந்தியாவில் வீட்டுக் கடன் சந்தையின் வரலாறு நீண்டதன்று.

அக்குறுகிய வரலாற்றிலேயே ஏற்ற இறக்கங்கள் மிகுதி. அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்ட 1991-ஆம் ஆண்டின் அக்டோபரில் ரிசர்வ் வங்கி தனது வங்கி விகிதத்தை 12 விழுக்காடாக உயர்த்தியது. 1990-களின் நடுப்பகுதியில் வீட்டுக் கடனுக்கு 15 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி செலுத்தியவர்கள் உண்டு. 2003, 2004-ஆம் ஆண்டுகளில் அது எட்டு விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் வழங்கும் ரெப்போ விகிதம் 2008-ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் 9 விழுக்காடாக இருந்தது; உலக நிதி நெருக்கடியை அடுத்து ஒன்பதே மாதங்களில், 2009-ஆம் ஆண்டு ஏப்ரலில், 4.75 விழுக்காடாயிற்று. மீண்டும் 2011-ஆம் ஆண்டு அக்டோபரில் 8.5 விழுக்காட்டை எட்டியது. பெருந்தொற்றின்போது 2020-ஆம் ஆண்டு மே மாதம் 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அங்கேயே நின்றது. 2022-ஆம் ஆண்டு மே முதல் 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி வரை ஆறு முறை உயர்த்தப்பட்டு 6.5 விழுக்காட்டை அடைந்தது. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நான்கு முறை குறைக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் 5.25 விழுக்காடாயிற்று.

இந்த இறுதிக் குறைப்பின் பின், நல்ல கடன் வரலாறு உடையோருக்கு ஏழு விழுக்காட்டுக்கும் எட்டு விழுக்காட்டுக்கும் இடைப்பட்ட வட்டியில் வங்கிகள் வீட்டுக் கடன் வழங்க முன்வந்தன. 50 இலட்ச ரூபாயை 20 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்த, 7.5 விழுக்காட்டு வட்டியில் மாதத் தவணை ரூ. 40,280. அதே கடனுக்கு 15 விழுக்காடு எனில் தவணை ரூ. 65,839 ஆகும். இவ்விரு எண்களை அருகருகே வைத்துப் பார்க்கும் எவரும், இதைவிட நல்ல காலம் வாராது என்று முடிவு செய்தல் இயல்பே. ஆனால் இம்முடிவில் இரண்டு பிழைகள் உள்ளன.

உண்மை வட்டி எவ்வளவு?

முதற் பிழை, வட்டியைப் பணவீக்கத்தினின்று பிரித்துப் பார்ப்பது. கடனாளி திருப்பிச் செலுத்தும் ரூபாய், அவர் வாங்கிய ரூபாயன்று. விலைவாசி உயர்ந்த அளவுக்கு அதன் மதிப்புக் குறைந்திருக்கும். ஆதலின் அவர் மீது விழும் உண்மைச் சுமை, வட்டி விகிதத்திலிருந்து பணவீக்க விகிதத்தைக் கழித்தால் ஏறத்தாழக் கிடைக்கும். 1990-களில் 15 விழுக்காடு வட்டி கட்டியவர் காலத்தில் விலைவாசி சில ஆண்டுகளில் பத்து விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. அகவிலைப்படியும் ஊதியமும் உடன் உயர்ந்தன. கடன் வாங்கிய ஆண்டில் மலையாகத் தெரிந்த தவணை, ஏழெட்டு ஆண்டுகளில் குன்றாகக் குறைந்தது அவ்வாறுதான்.

2020-21-ஆம் ஆண்டில் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின்படி சராசரிப் பணவீக்கம் ஆறு விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். வீட்டுக் கடன் வட்டியோ ஏழு விழுக்காட்டை ஒட்டி இருந்தது. அதாவது உண்மை வட்டி ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை எனலாம். மாறாக, 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் அதே குறியீட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 0.25 விழுக்காடு மட்டுமே. அம்மாதத்தில் எட்டு விழுக்காட்டை ஒட்டிய வட்டி, எழுத்தில் குறைவாயினும் சுமையில் குறைவன்று. ஒரு மாதக் கணக்கை வைத்து இருபது ஆண்டுகளை அளத்தல் கூடாது என்பது உண்மையே. எனினும் விலைவாசி அடங்கியுள்ள காலத்தில் ஊதிய உயர்வும் அடங்கியே இருக்கும்; பழைய தலைமுறைக்குத் தவணையைக் கரைத்துக் கொடுத்த பணவீக்கம் புதிய தலைமுறைக்கும் அதே பணியைச் செய்யும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. 2016-ஆம் ஆண்டு முதல் பணவீக்கத்தை 4 விழுக்காட்டை ஒட்டி வைத்திருப்பது ரிசர்வ் வங்கியின் சட்டப்படியான கடமையாகிவிட்டது என்பதும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

மாறும் வட்டியின் இயல்பு

இரண்டாவது பிழை இன்னும் பெரிது. கடந்த கால வட்டி விகிதங்களைக் காட்டி ஆறுதல் கூறும் வழக்கம் பெரிதும் அமெரிக்க நாட்டிலிருந்து வந்தது. அங்கு முப்பது ஆண்டு வீட்டுக் கடனின் சராசரி வட்டி 1981-ஆம் ஆண்டு அக்டோபரில் 18.63 விழுக்காடு, 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் 2.65 விழுக்காடு, 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் 7.79 விழுக்காடு. ஆயினும் அந்நாட்டில் பெரும்பாலான கடன்கள் நிலையான வட்டிக்கு வழங்கப்படுபவை. 2021-இல் கடன் வாங்கியவர் முப்பது ஆண்டுகளுக்கும் அதே தவணையைச் செலுத்துவார். அவருக்கு வட்டியின் வரலாறு கடன் வாங்கிய நாளோடு முடிந்துவிட்டது.

ஐரோலியில் வீடு வாங்குபவருக்கு அது அன்றுதான் தொடங்குகிறது. நம் நாட்டு வீட்டுக் கடன்களில் மிகப் பல மாறும் வட்டிக் கடன்கள். 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல் வங்கிகள் வழங்கும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் அனைத்தும் ரெப்போ விகிதம் போன்ற ஒரு வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட வேண்டும் என்றும், குறைந்தது மூன்று மாதங்களுக்கு ஒரு முறை வட்டி திருத்தப்பட வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதித்தது. அதற்கு முன் இருந்த அடிப்படை விகித முறையிலும் நிதிச் செலவு சார்ந்த விகித முறையிலும், ரிசர்வ் வங்கி குறைத்த வட்டி கடனாளிக்குச் சென்று சேரக் காலம் பிடித்தது, சேராமலும் போயிற்று. புதிய முறை அக்குறையைப் போக்கியது. ஆனால் இறக்கம் விரைந்து வரும் வழியிலேயே ஏற்றமும் விரைந்து வரும். வங்கியல்லாத வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு இவ்விதி பொருந்தாது. அவை தத்தம் அளவுகோலின்படி வட்டியைத் திருத்துகின்றன. கடன் வாங்குபவர் இவ்வேறுபாட்டை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

2022-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. ஒருவர் 2021-ஆம் ஆண்டில் 50 இலட்ச ரூபாயை 7 விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுத் தவணையில் பெற்றார் எனக் கொள்வோம். மாதத் தவணை ரூ. 38,765. ஓராண்டு முறையாகச் செலுத்தியபின் அவருடைய நிலுவை ஏறத்தாழ ரூ. 48,81,000. இந்நிலையில் ரெப்போ விகிதம் உயர்ந்த அதே இரண்டரைப் புள்ளிகள் அவர் கடனிலும் ஏறி, வட்டி 9.5 விழுக்காடாகிறது. (உண்மையில் அவ்வுயர்வு ஒன்பது மாதங்களில் படிப்படியாக வந்தது, கணக்கின் எளிமைக்காக ஒரே முறையில் வந்ததாகக் கொள்ளப்படுகிறது.) இப்போது நிலுவைத் தொகைக்கு மாத வட்டி மட்டும் ரூ. 38,642. தவணை மாறாதிருந்தால் அசலில் கழிவது ரூ. 123.

ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒரு வேளை காப்பி குடிக்கும் செலவு, அரை கோடி ரூபாய்க் கடனில் ஒரு மாதத்துக்குக் கழிகிறது. இந்த வேகத்தில் கடன் தீர அறுபது ஆண்டுகளுக்கு மேலாகும். கடனாளிக்கு அப்போது வயது நாற்பது எனில், அவர் நூறு வயதைக் கடந்து தவணை செலுத்த வேண்டும். வங்கிகள் அத்தனை நீண்ட தவணைக் காலத்தை ஏற்பதில்லை என்பதால், ஓய்வு பெறும் வயதை ஒட்டிய ஒரு வரம்பை எட்டியதும் தவணைத் தொகையை உயர்த்துகின்றன. பல குடும்பங்கள் இதனை உடனே அறியவில்லை. மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து கழிந்த தொகை மாறாதிருந்ததால் எதுவும் மாறவில்லை என்றே அவை எண்ணியிருந்தன. மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கையை அறிக்கையில் கண்டபோதுதான் உண்மை தெரிந்தது. முன்பு திட்டமிட்ட பத்தொன்பது ஆண்டுகளிலேயே கடனை முடிக்க வேண்டுமாயின், மேற்கண்ட கடனாளி மாதம் ரூ. 46,300 அளவில் செலுத்த வேண்டும். வேறுபாடு ஏறத்தாழ ரூ. 7,550. பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் உள்ள ஒரு வீட்டில் இது சிறு தொகையன்று.

இக்குறையைக் களையும் நோக்குடன் ரிசர்வ் வங்கி 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தது. வட்டி திருத்தப்படும்போது தவணைத் தொகையை உயர்த்துவதா, தவணைக் காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கடனாளிக்கு அளிக்கப்பட வேண்டும். நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பும் நிறுவனத்தின் கொள்கைப்படி அளிக்கப்பட வேண்டும் என்று அப்போது விதிக்கப்பட்டது. தவணை வட்டிக்கே போதாமல் கடன் வளரும் நிலை ஏற்படாதவாறு பார்த்துக் கொள்ள வேண்டும். இதுவரை வசூலான அசல், வட்டி, மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் காட்டும் அறிக்கை காலாண்டுதோறும் தரப்பட வேண்டும் என்பன அதன் முக்கியக் கூறுகள். பழைய கடன்களுக்கும் இது அவ்வாண்டு இறுதிக்குள் நடைமுறைப்படுத்தப்பட வேண்டியதாயிற்று. ஆணை நல்லது. ஆனால் வந்த கடிதத்துக்கு விடை எழுதாதவர் எதனைத் தேர்ந்தெடுத்தார் என்பதை வங்கிதான் தீர்மானிக்கும்.

தொடக்க ஆண்டுகளில் மட்டும் குறைந்த வட்டி என்று ஈர்க்கும் திட்டங்களும் புதியவை அல்ல. 2009, 2010-ஆம் ஆண்டுகளில் பல வங்கிகள் இத்தகைய கடன்களை விளம்பரப்படுத்தின. பின்னாளில் உயரும் தவணையைக் கடனாளிகளால் தாங்க இயலாமற் போகலாம் என்ற அச்சத்தால், அக்கடன்களுக்கு வங்கிகள் ஒதுக்க வேண்டிய காப்புத் தொகையை ரிசர்வ் வங்கி 2010-ஆம் ஆண்டு டிசம்பரில் 0.40 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாக உயர்த்த வேண்டியதாயிற்று.

விலையும் காலமும்

வட்டியில் கால் விழுக்காடு குறைய நான்கு வங்கிகளின் படியேறுபவர், வீட்டின் விலையையும் தவணைக் காலத்தையும் அதே கூர்மையுடன் ஆராய்வதில்லை. ஒரு வீட்டின் விலை ரூ. 62.5 இலட்சம் என்றும், வாங்குபவரின் கைப்பணம் ரூ. 12.5 இலட்சம் என்றும் கொள்ளலாம். (ஐரோலியில் பல வீடுகளின் விலை இதனினும் அதிகம், கணக்கின் வழி மாறாது.) 50 இலட்சம் கடனுக்கு 7 விழுக்காட்டில் தவணை ரூ. 38,765. இதே வீடு பத்து விழுக்காடு குறைந்த விலைக்குக் கிடைத்தால் கடன் ரூ. 43.75 இலட்சமே. அக்கடனுக்கு வட்டி 8.5 விழுக்காடாக இருந்தாலும் தவணை ரூ. 37,967தான். விலையில் பெறும் பத்து விழுக்காட்டுக் குறைப்பு, வட்டியில் ஒன்றரைப் புள்ளிக்கும் மேலான குறைப்புக்குச் சமம்.

மேலும், விலைக் குறைப்பு நிலையானது. வட்டிக் குறைப்பு அவ்வாறன்று. வட்டி இறங்கும் காலத்தில் வாங்குவோர் பெருகுவதால் விலை ஏறுவதும், வட்டி ஏறிய காலத்தில் விற்பவர் பேரத்துக்கு இணங்குவதும் சந்தையின் இயல்பு. வட்டி குறையட்டும் என்று காத்திருப்பவர் குறைந்த வட்டியும் கூடிய விலையும் சேர்ந்து வருவதைக் காண நேரலாம். உயர்ந்த வட்டியில் வாங்கிய கடனுக்கு வட்டி பின்னர் இறங்க வழியுண்டு. உயர்ந்த விலைக்கு வாங்கிய வீட்டின் விலையைப் பின்னர் குறைத்துக் கொள்ள வழியில்லை.

தவணைக் காலத்தின் விளைவு இதனினும் பெரிது. 50 இலட்சம் கடனுக்கு 20 ஆண்டுகளில் 7.5 விழுக்காட்டில் செலுத்தும் மொத்த வட்டி ரூ. 46.67 இலட்சம், 8.5 விழுக்காட்டில் ரூ. 54.14 இலட்சம். ஒரு முழு விழுக்காட்டு வேறுபாட்டின் விலை ஏழரை இலட்சத்துக்குள் அடங்குகிறது. ஆனால் அதே 7.5 விழுக்காட்டில் காலத்தை 30 ஆண்டுகளாக நீட்டினால் தவணை ரூ. 34,961-ஆகக் குறைய, மொத்த வட்டி ரூ. 75.86 இலட்சமாக உயர்கிறது. தவணையில் மாதம் ஐயாயிரத்துச் சொச்சம் குறைந்ததற்காகக் கூடுதலாகக் கொடுப்பது ரூ. 29 இலட்சம். விளம்பரப் பலகைகளில் வட்டி விகிதமே பெரிய எழுத்தில் இருக்கும். இந்த எண் இராது.

மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிச் செலுத்தத் தண்டக் கட்டணம் விதிப்பதை 2012-ஆம் ஆண்டு ஜூனில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தடை செய்துவிட்டது. ஆகவே நீண்ட காலத்துக்குக் கடன் வாங்கியவரும் காலத்தைத் தாமே சுருக்கிக் கொள்ள இயலும். 8.5 விழுக்காட்டில் 20 ஆண்டுக் கடன் உடையவர் ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகச் செலுத்தி வந்தால், கடன் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் முன்னதாகத் தீரும். போனசு, அகவிலைப்படி நிலுவை போன்ற எதிர்பாரா வரவுகளுக்கு இதனினும் நல்ல பயன் அரிது.

ஐரோலிக்கே உரியவை

மகாராஷ்டிர அரசு 1970-ஆம் ஆண்டு மார்ச்சில் அமைத்த சிட்கோ என்னும் நகர, தொழில் வளர்ச்சிக் கழகம் உருவாக்கிய நகரம் நவி மும்பை. அதன் பதினான்கு நகரப் பகுதிகளுள் ஐரோலி ஒன்று. சிட்கோ தன் நிலத்தை முழு உடைமையாக விற்காமல் 60 ஆண்டுக் குத்தகைக்கே வழங்கி வந்தது. 1980-களின் நடுவில் தொடங்கிய குத்தகை 2040-களின் நடுவில் முதற் காலத்தை நிறைவு செய்யும். இன்று பழைய கட்டடம் ஒன்றில் வீடு வாங்கி 20 ஆண்டுக் கடன் பெறுபவரின் கடைசித் தவணையும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் வரும். குத்தகையின் மீதிக் காலம், நீட்டிப்புக்கும் முழு உடைமையாக மாற்றுவதற்கும் உள்ள விதிகள், பெயர் மாற்றத்துக்குச் சிட்கோவுக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் ஆகியவற்றைக் கேட்டறியாமல் வட்டியை மட்டும் ஆராய்வது, அடித்தளத்தை விட்டுவிட்டுச் சுவரின் வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பது போலாகும்.

கைப்பணத்தின் தேவையையும் பலர் குறைத்தே மதிப்பிடுகின்றனர். 30 இலட்சம் முதல் 75 இலட்சம் வரையிலான கடன் வீட்டு மதிப்பில் 80 விழுக்காட்டுக்கும், அதற்கு மேற்பட்ட கடன் 75 விழுக்காட்டுக்கும் மிகலாகாது என்பது ரிசர்வ் வங்கி 2015-இல் வகுத்த வரம்பு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பெரிய கடன்களில் இம்மதிப்பில் சேர்வதில்லை. நவி மும்பையில் முத்திரைத் தீர்வை மேல்வரிகள் உட்பட ஆறு, ஏழு விழுக்காட்டளவில் அமைவதால், மேற்கண்ட 62.5 இலட்ச வீட்டுக்குக் கைப்பணம் 12.5 இலட்சம் போதாது. மேலும் நான்கு இலட்சத்துக்குக் குறையாமல் வேண்டும். இத்தொகைக்குத் தனிநபர் கடன் வாங்குவோர் உண்டு. அதன் வட்டி வீட்டுக் கடன் வட்டியைவிட மிக அதிகம் என்பதால், கால் விழுக்காட்டுக்காக அலைந்ததெல்லாம் அங்கேயே கரைந்துவிடும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, மாநில அரசு முத்திரைத் தீர்வையில் மூன்று புள்ளிகளைக் குறைத்தபோது பத்திரப் பதிவு அலுவலகங்களில் கூட்டம் நிரம்பியதன் காரணம் இதனின்று விளங்கும்.

வருமான வரிச் சலுகையைக் கணக்கில் சேர்த்து, வட்டி உண்மையில் குறைவே என்று வாதிடுவதும் உண்டு. பழைய வரி முறையில், தாம் குடியிருக்கும் வீட்டுக்கான கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 இலட்சம் வரை கழிவு உண்டு. 50 இலட்சம் கடனுக்கு 7.5 விழுக்காட்டில் முதலாண்டு வட்டியே மூன்றரை இலட்சத்தைத் தாண்டும், எஞ்சியதற்குச் சலுகையில்லை. 2023-24-ஆம் நிதியாண்டு முதல் இயல்பான முறையாக அமைந்த புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இக்கழிவே இல்லை.

மத்திய அரசு ஊழியர்கள் மற்றொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வீடு கட்டும் முன்பணம், 2017-ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட விதிகளின்படி, 34 மாத அடிப்படை ஊதியம் அல்லது 25 இலட்சம் என்ற வரம்புக்குட்பட்டுக் கிடைப்பது. அதற்குத் தனிவட்டி, முதலில் அசல் 180 தவணைகளுக்கு மிகாமலும், பின்னர் வட்டி 60 தவணைகளுக்கு மிகாமலும் பிடித்தம் செய்யப்படும். எழுத்தளவில் வங்கி வட்டிக்கு நிகராகத் தோன்றும் விகிதமும் இம்முறையில் சுமையில் இலகுவானது. விலை உயர்ந்த மும்பையில் இது முழு வீட்டுக்கும் போதாதெனினும், கடனின் ஒரு பகுதியை மாறும் வட்டியின் அலைவினின்று காக்கும்.

தாங்கும் அளவு

ஆகவே கடன் வாங்குமுன் செய்யத்தக்க கணக்கு ஒன்றே. வங்கி கூறும் விகிதத்தோடு இரண்டு அல்லது இரண்டரைப் புள்ளிகளைக் கூட்டி, அவ்வட்டியில் தவணை என்னவாகும் என்று காண வேண்டும். 7.5 விழுக்காட்டில் ரூ. 40,280 ஆன தவணை 9.5 விழுக்காட்டில் ரூ. 46,607, 10 விழுக்காட்டில் ரூ. 48,251. இத்தொகையைக் குடும்ப வருவாய் தாங்குமா என்பதே கேள்வி. தாங்குமெனில் இன்றைய விகிதம் ஏழா எட்டா என்பது இரண்டாம் நிலைச் செய்தி. தாங்காதெனில், ஆறு விழுக்காட்டுக்குக் கிடைத்தாலும் அக்கடன் பெரிது. கணவன், மனைவி இருவர் ஊதியத்தையும் முழுமையாகக் கணக்கிட்டுக் கடன் பெறுவோர், ஒருவர் ஊதியம் ஆறு மாதம் நின்றால் தவணை எங்கிருந்து வரும் என்பதையும் எண்ண வேண்டியவர்களே. ஐரோலியின் தகவல் தொழில்நுட்ப வளாகங்களில் பணியாற்றுவோருக்கு இது வெறும் கற்பனையன்று.

ரெப்போ விகிதத்துக்கு மேல் வங்கி கூட்டும் கூடுதல் விகிதம் எவ்வளவு என்பது தனியே கேட்டறிய வேண்டியது. அளவுகோல் இறங்கும்போதும் ஏறும்போதும் கடனுடன் நிலைத்து நிற்பது அதுவே. புதிய கடனாளிக்குக் குறைந்த கூடுதலும் பழையவருக்கு மிகுந்த கூடுதலும் இருத்தல் வழக்கம். பழைய அளவுகோலில் உள்ளவர்கள் ஒரு கட்டணம் செலுத்திப் புதியதற்கு மாறலாம். தயங்கும் வங்கியை விட்டு வேறு வங்கிக்குக் கடனை மாற்றவும் தடையில்லை. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் எல்லாக் கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரக் குறிப்பு ஒன்றைக் கடன் வழங்குவோர் தர வேண்டும். இரண்டு வங்கிகளை ஒப்பிட விளம்பரத்தை விட அத்தாளே பயன்படும்.

கடன் தீர்ந்தபின் அசல் பத்திரங்களை முப்பது நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும், தம் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ. 5,000 வீதம் கடனாளிக்கு ஈடு செலுத்த வேண்டும் என்றும் 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி ஆணை கூறுகிறது. பத்திரங்களைப் பெற்றுக் கொள்ளும்போது ஈட்டு உரிமை பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதா என்பதையும் கேட்டு எழுத்தில் பெற்று, வீட்டுச் சங்கத்தின் பதிவிலும் அதனைக் குறிக்கச் செய்தல் வேண்டும்.